அளவான அடி

முதல் அடி இடது கதவில் விழுந்தது. இரண்டாவது பானெட்டில். மூன்றாவது விழுந்த பிறகுதான் மெக்கானிக்குக் குரலே வந்தது.

"யாருடா நீங்க? சாயந்திரம் வண்டியைக் குடுக்கணும்டா."

"தெரியும்ணே. அதான் மத்தியானமே வந்துட்டோம்," என்றான் மொட்டைத்தலையன். கூட வந்த இருவரும் இரும்புக் குழாயோடு, சம்பளத்துக்கு வந்தவர்கள் மாதிரி நிதானமாக வண்டியைச் சுற்றினார்கள்.

இடுப்புயரச் சக்கரங்களோடு பட்டறை நடுவில் நின்றது அந்தக் கறுப்பு டிரக். காடு மேடெல்லாம் ஏறுகிற வண்டி. அதைக் கொண்டுவந்து விட்ட பெரிய வீட்டுப் பையனோ, சேற்றில் சிக்கினால் இழுத்துவிடும் வின்ச்சுக்கு மோட்டார் வேண்டாம், கொக்கி மட்டும் வெளியே தெரிந்தால் போதும் என்றான். "எங்க தம்பி போகப் போறீங்க?" என்று கேட்டதற்கு, "காபி ஷாப்புக்கு" என்றான்.

மனசு கேட்காமல், முன்பக்க பம்பரை மட்டும் மெக்கானிக் தன் இஷ்டத்துக்குக் கனத்த இரும்பில் செய்திருந்தார். நேற்று வந்து பார்த்த பையன், "ரொம்பப் புதுசா இருக்கேண்ணே" என்றபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இப்போதும் கலங்கியது. தன் காரை லேசாக உரசிய ஒரு சைக்கிள்காரரை அந்தப் பையன் நடுரோட்டில் போட்டுத் துவைத்ததை இவரே பார்த்திருக்கிறார். ஒரு கீறலுக்கு அந்தக் கதி. இதற்கு உடம்பில் எலும்பு மிஞ்சுமா?

"யார் அனுப்புனா? எதிர்ப் பட்டறைக்காரனா?"

"ஆர்டர் குடுத்தவங்க பேரைச் சொல்ற பழக்கம் இல்லண்ணே." மொட்டை தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவைப் பார்த்தான். "லைட்டு, கண்ணாடி பக்கம் போயிடாதடா. அந்த ஓரத்துல இன்னும் ஒண்ணு வை."

வைத்தான். தகரம் அலறியது. இன்னொருவன் சங்கிலியை வீசிப் பெயிண்டைத் தோல் மாதிரி உரித்தான்.

ஸ்பானரோடு பாய்ந்த மெக்கானிக்கின் வயிற்றில் ஒரு முழங்கை இறங்கியது. சுருண்டு விழுந்தவர், தவழ்ந்து போய் பம்பரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளுண்ணே. அதையும் அடிக்கணும்."

"என்னை அடிச்சுட்டு அடி."

குழாய் பம்பரில் மோதியது. பம்பரில் ஒரு கோடுகூட விழவில்லை. துள்ளித் திரும்பிய குழாய் மெக்கானிக்கின் மூக்கை உடைத்தது. ரத்தம் பானெட் வரை தெறித்தது.

"கெட்டியாத்தாண்ணே செஞ்சிருக்கீங்க," என்று குழாய்க்காரன் மனசாரப் பாராட்டினான்.

வாசலில் கார் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு பையன் இறங்கினான். அடித்தவர்கள் ஒருத்தன்கூட ஓடவில்லை.

மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் காலடியில் போய் விழுந்தார். "சத்தியமா தடுத்தேன் தம்பி. என் மூஞ்சியைப் பாருங்க."

பையன் மூஞ்சியைப் பார்க்கவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். கதவுப் பள்ளத்தில் விரலை ஓட்டினான். பானெட் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றினான். முகம் சுருங்கியது. மொட்டையிடம் திரும்பினான்.

"ரத்தம் நான் சொல்லவே இல்லையே."

மொட்டை தலையைச் சொறிந்தான். பையன் இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"சரி, துடைச்சுடாதீங்க. காட்டுப்பன்னி மேல ஏத்துன மாதிரி இருக்கு."