மடியில் இருந்த நீலப் பெட்டி

இக்கதையை எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன்.

மறுநாள் பிரஸ்ஸல்ஸில் எங்கள் மகள் ஓம்ப்லினுக்குத் திருமணம். பாரிஸில் அதிவேக ரயில் ஏறியதும், சாமான்களை அடுக்கிவிட்டுக் கணவர் கோத்தியே காபி வாங்கச் சென்றார். மகளின் கல்யாணக் கவுன் இருந்த நீலப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டேன்.

வாசலோரச் சாமான் தட்டில் பெயர்ச்சீட்டே இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி! வெடிகுண்டாக இருக்குமோ?

"இது யாரோடதுங்க?"

சுற்றியிருந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினர். டிக்கெட் பரிசோதகரை அழைத்தேன். அவர் முகம் வெளிறியது. "நல்லவேளை சொன்னீங்க, மேடம்!"

வழியில் லீல் நிலையத்தில் ரயிலை நிறுத்தி, அனைவரையும் இறக்கிவிட்டு, காவலர்கள் அப்பெட்டியை வெடிவைத்துத் தகர்த்தனர்.

காபி வரிசையில் மாட்டிக்கொண்டிருந்த கோத்தியே அப்போதுதான் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பொழைச்சோம்! கவுனும் பத்திரமா இருக்கு," என்று நீலப் பெட்டியைக் காட்டினேன்.

"அதுல என் பூட்ஸ்தான் இருக்கு, செல்லம். கவுன் கசங்குமேன்னு கெளம்பறப்போ புதுசா வாங்கின பெரிய கறுப்புப் பெட்டிக்கு மாத்திட்டேன்."

இழந்தவை: கவுன் ஒன்று, முகத்திரை ஒன்று, வெள்ளைக் காலணி ஒரு ஜோடி.