பெயர்ப்பலகை இல்லாத ஸ்டேஷன்

காலையில் ஓடும் ரயிலிலேயே வால்டர் முகம் மழித்து, பூட்ஸைத் துடைத்தான். புதிய பயிற்சி முகாம் எங்கே என்று சிப்பாய்கள் யாருக்கும் தெரியாது. போரில் ஜெர்மன்காரன் வந்து இறங்கினால் அவனுக்கு வழி தெரியக்கூடாதென்று ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளையும் கழற்றியிருந்தார்கள்.

ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. "தெரிஞ்சவங்க இருந்தாலும் காட்டிக்கக்கூடாது!" என்று சார்ஜென்ட் அதட்டினார்.

ஜன்னல் வழியே ஒரு பெண் தேநீர் கொடுத்தாள். வால்டருக்குக் கொடுக்கும்போது கொட்டிவிட்டாள்.

"உன் மூஞ்சியப் பாத்துப் பயந்துட்டாடா!" என்றான் பக்கத்துச் சிப்பாய் ஹெர்பர்ட்.

வண்டி நகர்ந்தது.

"பேராவது கேட்டிருக்கலாம்ல?" என்றான் ஹெர்பர்ட்.

"எடித். என் பொண்டாட்டி."

மறுவாரம் அந்த ஸ்டேஷன்மீது குண்டு விழுந்தது. எடித் பிழைக்கவில்லை. "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்று கடைசியாகச் சொன்னாள் என அவள் அம்மாவிடம் வால்டர் சொன்னான்.

உண்மையில் அவள் சொன்னது:

"கோப்பையக் குடுங்க, அடுத்த ரயிலுக்கு வேணும்."