யார் வீட்டுப் பக்கம் அலை?

“எலே விஜயதாஸ், அந்தக் கம்பிய எனக்க வீட்டுப் பக்கமிருந்து திருப்புதியா, இல்ல மூட்டோட வெட்டட்டா?”

வேலிக்கு அந்தப் பக்கம் ராஜையா வெட்டுக்கத்தியோடு நின்றார்.

விஜயதாஸ் சர்க்கார் லைசென்ஸ் எடுத்து, வீட்டிலேயே வயர்லெஸ் வைத்திருப்பவன். முற்றத்து மூலையில் ஒரு கம்பம். அதன் உச்சியில் மீன்முள் மாதிரி பெரிய ஆண்டெனா. அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கத்துக்காரனோடுதான் தெளிவாகப் பேச முடியும். மஸ்கட்டில் இருக்கும் கூட்டுக்காரனைப் பிடிக்க வேண்டுமென்றால் கம்பத்தை வடமேற்கே திருப்ப வேண்டும்.

வடமேற்கே முதலில் வருவது ராஜையாவின் வீடு.

“மாமா, இதுல ஒண்ணும் வராது. வெறும் அலையாக்கும்.”

“என்ன அலை? எனக்க மக லிஜா ஏழாம் மாசத்துல பேறுக்கு வந்திருக்கா. அவ வயித்து மேலயா ஒனக்க அலைய அடிக்கணும்?”

“மஸ்கட்டுக்குப் போற அலை, மாமா. இங்க நிக்காது.”

“போற வழியில நுழைஞ்சிட்டுத்தானே போவும்?”

விஜயதாஸ் சிரித்துவிட்டான். சிரித்தவனை மறக்கிற ஆளில்லை ராஜையா.

மறுநாளிலிருந்து மஸ்கட்டை எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் இல்லை. வெளியே வந்து பார்த்தால் ஆண்டெனா கிழக்கே திரும்பியிருக்கும். கிழக்கே இருப்பது கிருஷ்ணன்குட்டியின் வீடு.

ராஜையாவும் கிருஷ்ணன்குட்டியும் ஓர் அயினி மரத்துக்காகப் பேச்சை நிறுத்தியவர்கள். மரத்தைக் கறையான் தின்று தீர்த்துவிட்டது. கோபத்தைத் தின்னவில்லை.

“தனக்க மகளுக்கு ஆகாத அலை அடுத்தவனுக்கு ஆகுமோ? நல்ல மனுஷன்!” என்றாள் விஜயதாஸின் மனைவி சத்தியபாய்.

ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க விஜயதாஸ் ஒரு வேலை செய்தான். பழைய ரேடியோவிலிருந்து வால்யூம் திருகைக் கழற்றிக் கம்பத்தின் அடியில் பொருத்தினான். அங்கிருந்து வயர் இழுத்து, அறைக்குள் ஒரு முள் மீட்டரில் கொடுத்தான். கம்பம் திரும்பினால் திருகு திரும்பும். திருகு திரும்பினால் உள்ளே முள் நகரும்.

மீட்டரில் பென்சிலால் ஒரு பக்கம் ‘ராஜையா’ என்றும் மறுபக்கம் ‘கிருஷ்ணன்குட்டி’ என்றும் எழுதினான்.

ஞாயிறு சாயங்காலம் ஆண்டெனாவை வடமேற்கே திருப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். பின்னாலேயே ராஜையா வந்துவிட்டார்.

“பின்னயும் எனக்க பக்கம் திருப்பிட்டியா?”

“நீங்கதான் தெனமும் கிருஷ்ணன்குட்டி சேட்டன் வீட்டுப் பக்கம் திருப்பி வைக்குதீங்களே மாமா!”

“நானா? கர்த்தர் சாட்சி, நான் அதுல கை வச்சதில்ல. கரண்ட் அடிச்சா எவன் பாப்பான்?”

அப்போது முள் நடுங்கியது. ‘ராஜையா’வை விட்டு மெல்ல மெல்ல நகர்ந்து ‘கிருஷ்ணன்குட்டி’யில் போய் நின்றது.

இருவரும் வெளியே ஓடினார்கள்.

கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிருஷ்ணன்குட்டி நின்றார். காலில் ரப்பர் செருப்பு. தலையில் வெளியூரிலிருக்கும் மகனுடைய ஹெல்மெட்.

“சேட்டா, நீங்களா? உங்க வீட்டுப் பக்கமேயா திருப்புதீங்க?”

கிருஷ்ணன்குட்டி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“அங்க வயித்துப்பிள்ளைக்காரி இருக்குல்லா மக்கா? எங்க வீட்டுல நானும் பிரேமகுமாரியும் ரெண்டு கிழடு. எங்களுக்கு இனி என்ன வரப்போவுது? நீ இத அவனுக்கிட்ட சொல்லாண்டாம், கேட்டியா?”

‘அவன்’ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். அவரும் விஜயதாஸின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

“எலே, அவனுக்க பசு சினையா நிக்குது. அந்தப் பக்கமும் திருப்பாண்டாம்னு நீ அவனுக்கிட்ட சொல்லு.”



“பின்ன எந்தப் பக்கம் திருப்ப?” என்றார் கிருஷ்ணன்குட்டி. இந்த முறை ராஜையாவைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

ராஜையா சுற்றிலும் பார்த்தார். தெற்கே விஜயதாஸின் வீடு இருந்தது.

“அலை ஒண்ணும் செய்யாதுன்னு இவன்தானே சொல்லுதான்? இவன் வீட்டுப் பக்கமே பாத்து இருக்கட்டு. நீ அந்தப் பக்கம் பிடி கிருஷ்ணன்குட்டி.”

“பிடிச்சாச்சு. தள்ளும்.”

இரண்டு பேரும் சேர்ந்து தள்ள, கம்பம் முனகிக்கொண்டே தெற்கே திரும்பத் தொடங்கியது.

விஜயதாஸ் பாய்ந்து வந்து கம்பத்தைக் கட்டிக்கொண்டான்.

“மாமா, நில்லுங்க! சேட்டா, விடுங்க! சத்தியபாய்க்கு இது மூணாம் மாசமாக்கும்!”