சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

பிரித்துச் சேர்த்துப் புதுப்பித்த பழைய ரேஸ் கார் இன்றுதான் மறுபடி ஓடப்போகிறது. திருஷ்டிக்காக முன்சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் அதனிடம் சிடுசிடுத்தது.

"உனக்குக் கொட்டிய பணத்தில் ரெண்டு புதுக் கார் வாங்கியிருக்கலாம். தண்டச் செலவு!"

"என்னிடம் ஏன் சொல்கிறாய்? கொட்டிய சுகந்தியைக் கேள்" என்றது கார்.

சுகந்தி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். கார் இருமி அடங்கியது.

"அப்பாடா, பிழைத்தேன்!" என்றது பழம்.

சுகந்தி திட்டவில்லை. இறங்கிவந்து, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தொடுவதுபோல பானெட்டைத் தடவினாள். திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

அதைப் பார்த்த பழம் குரலைத் தாழ்த்தியது.

"ஏய் கிழமே, இன்னொரு தரம் முக்கிப் பாரேன்."

"ஓடினால் நீ நசுங்கிவிடுவாயே?"

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கிளம்பு!"