அறைக்குக் கேட்கும்படி

டொக்... டொக்... டொக்...

மத்தியானத்தில் மேல்மாடியிலிருந்து எப்போதும் கேட்கிற சத்தம்தான். இந்திராதேவி உள்ளிப்பூண்டு இடிக்கிறாள் என்று, அந்த இத்தாலிய மாடிக்கட்டடத்தின் கீழ்வீட்டில் வேலை செய்யும் குகனேஸ்வரி நினைத்திருந்தாள். ஆனால் கந்தசஷ்டி விரதத்தில் உள்ளி எதற்கு?

படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தது இந்திராதேவி. மேல்வீட்டுக்கார வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருப்பவள். நெற்றியில் திருநீறு. பின்னால் குசினி மேசையில் கல்லுரல். உரலுக்குள் முட்டைக்கோது.

"சிவ சிவா. உள்ளியெண்டு வந்தா, முட்டையோ?"

"சிஞ்ஞோரா சாப்பிட்டது அக்கா. நான் வாயிலை வைக்கேல்லை."

"அவிச்சது ஆர்? சிஞ்ஞோரா எழும்பி வந்து அவிச்சவவோ?"

"நான்தான்."

"கோது என்னத்துக்கு?"

"யூனிவெர்சித்தா ஆராய்ச்சிக்கு. அங்கை இதைச் சுட்டு வினையூக்கி செய்யினம். பொரிச்சு மிஞ்சின எண்ணெயை டீசலாக்க உதவுமாம். கெட்ட இரசாயனம் குறையுமாம்."

"அதைச் சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளையள் ஆரிட்டையும் குடுக்கிறதுதானே. முருகனுக்கு இத்தாலியன் விளங்காதெண்டு நினைச்சீரோ?"

இந்திராதேவி உரலை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"விரதம் முடிக்கிற பாறணைச் சமையலுக்கு நீர் வரவேண்டாம். சீசாப் பகுதியிலை இருக்கிற சயந்தினியைக் கூப்பிடுறன்."

இந்திராதேவியின் முகம் மாறியது. வருசத்தில் அந்த ஒரு நாள்தான் கோயில் குசினியில் பெண்களோடு நின்று வாய்நிறையத் தமிழ் கதைப்பாள். மற்ற நாளெல்லாம் இந்தச் சுவர்களும் சிஞ்ஞோராவும்தான்.

"மரக்கறி மட்டும் வெட்டித் தாறனே அக்கா. சட்டிக்குக் கிட்ட வரேல்லை."

"கோயில் காரியம். விளையாட்டில்லை."

சொல்ல ஒரு காரணம் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் குகனேஸ்வரி காதில் விழுந்தால் பொழுதுபடுவதற்குள் கீழ்வீட்டு சிஞ்ஞோராவுக்குத் தெரிந்துவிடும். அவவும் மேல்வீட்டு சிஞ்ஞோராவும் நாள் தவறாமல் போனில் கதைப்பவர்கள்.

"சரி அக்கா."

குகனேஸ்வரி இறங்கிப் போனாள்.

அறைக்குள்ளிருந்து சிஞ்ஞோராவின் மெலிந்த குரல் கேட்டது.

"இந்திரா, சத்தம் ஏன் நின்றுவிட்டது? என் கோது அவர்களுக்குப் போதுமாமா?"

"இன்னும் ஒன்று வேண்டுமாம், சிஞ்ஞோரா."

"அப்படியென்றால் இன்னொரு முட்டை அவி. என்ன செய்வது, சாப்பிடுகிறேன்."

இந்திராதேவி முட்டையை அடுப்பில் வைத்தாள். இடித்த பொடியைக் குப்பைப் பைக்குள் கொட்டினாள். யூனிவெர்சித்தா இந்தக் கோதை வாங்காமல் விட்டு ஒரு வருசம். புருசன் செத்த பிறகு சிஞ்ஞோரா வாய் திறந்து சாப்பிடுவது அந்தக் கோதுக்காக மட்டும்தான்.

மிஞ்சிக் கிடந்த கோதை உரலில் போட்டு, அறைக்குக் கேட்கும்படி மறுபடி இடிக்கத் தொடங்கினாள்.