சுவரில் ஒரு சிவப்புக் கோடு

துர்கா கேட்டைத் திறந்த வேகத்திலேயே தெரிந்தது, இன்றைக்கு ஒரு முடிவு கட்டாமல் திரும்பமாட்டாள் என்று.

கையில் மாநகராட்சிக்கு எழுதிய மனு. கீழே பத்தொன்பது வீட்டுக்காரர்களின் கையெழுத்து. ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தத் தெருவின் நலச்சங்கச் செயலாளராகி ஒரு மாதம்தான் ஆகிறது. இதற்கு முன் இருந்தவர் வாட்ஸ்அப் குரூப்பின் படத்தை மாற்றியதோடு சரி.

"பாய், இருக்கீங்களா?"

எதிர்வீட்டு கிபாயத்துல்லா கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஜங்ஷன் பக்கம் கிரில் பட்டறை வைத்திருப்பவர். பின்னாலேயே அவர் மனைவி சாஜிதா.

"வாம்மா. டீ சாப்டறியா?"

"டீயெல்லாம் வேணாம் பாய். உங்க காலி மனையை மண்ணடிச்சு மூடுவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் வீட்டை ஒட்டி இருந்தது அந்த அரை கிரவுண்டு. நேற்றைய மழையில் தெருத் தண்ணீர் முழுக்க அதில் இறங்கி முட்டியளவு நின்றது. வடிகால் வரும் வரும் என்று சொல்லியே தெருவுக்கு வயதாகிவிட்டது.

"மழை முடியட்டும்மா. பாக்கலாம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. எங்க மாமனார் ஒரு பக்கம் கைகால் வராம கீழ் ரூம்ல படுத்த படுக்கையா இருக்கார். முகத்துல உக்கார்ற கொசுவைக்கூட அவரால ஓட்ட முடியல பாய்."

சொல்லும்போதே துர்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொசுப்புழுவைத் தின்னுற மீனு வாங்கியாந்து விட்டிருக்கேன்மா. கொறைஞ்சிடும்."

"தெருவே கொசுக்கடியில கிடக்கு, நீங்க மீன் வளர்க்கறீங்க! போன மாசம் அபார்ட்மென்ட்டுக்குத் தோண்டின மண்ணை லாரி லாரியா சும்மாவே குடுக்க வந்தாங்க. திருப்பி அனுப்பிட்டீங்க. எங்க வீட்டுச் சுவத்துல சிவப்புப் பெயின்ட்ல கோடு இழுத்ததும் உங்க ஆளுங்கதான். ஏன்னு கேட்டா சிரிக்கறீங்க."

இப்போதும் அவர் சிரித்தார். துர்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மனை வாங்கினா மட்டும் போதாது பாய், மேடு பள்ளம் பார்த்து வாங்கணும். போன டிசம்பர்ல தெருவே மிதந்துச்சு. எங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வந்துச்சா?"

பின்னால் நின்ற சாஜிதா முன்னால் வந்தாள்.

"இன்னாம்மா சொன்னே?"

"சாஜிதா, விடு."

"நீங்க கம்முனு இருங்க. ரெண்டு வருஷமா நானும் வாயை மூடிகினு இருக்கேன். துர்கா, அந்தக் கோடு எதுக்குன்னு கேட்டியே, கேளு. இங்க சொந்தமா பட்டறை கட்டணும்னுதான் இவரு மேஸ்திரியைக் கூட்டியாந்தாரு. பேஸ்மென்ட் எவ்ளோ ஏத்தணும்னு தண்ணி ட்யூப் புடிச்சு மட்டம் பாத்தாங்க. ட்யூபோட ஒரு முனை இங்க, ஏத்தப்போற ஒசரத்துல; இன்னொரு முனை எதிர்ல உங்க வூட்டு சுவத்துல. அங்க தண்ணி நின்ன எடத்துல போட்ட கோடும்மா அது."

"சரி, அதுக்கென்ன அக்கா?"

"மத்தவங்கல்லாம் வூட்டை ஏத்திக் கட்டிட்டாங்க. இப்போ தெருவுல பள்ளம்னா ரெண்டே எடம்தான். ஒண்ணு இந்த மனை. அடுத்தது உங்க வூடு. இதை ஏத்திட்டா, உங்க வூட்டுல அந்தக் கோடு வரைக்கும் ஏறின அப்பாலதான் தண்ணி இந்தப் பக்கமே வரும். அன்னிக்கு உங்க ஜன்னல் தொறந்து இருந்துச்சு. இவரு பாத்தாரு. கோட்டுக்கு ஒரு சாண் கீழ பெரியவரு கட்டிலு. அப்பவே மேஸ்திரியை அனுப்பிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் வாடகைப் பட்டறைதான்."

துர்கா மெல்லத் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே அந்தக் கோடு. போன பொங்கலுக்கு வெள்ளையடித்தும் மறையாமல் லேசாகத் தெரிந்தது. ஜன்னலுக்குள்ளே மாமனார் கோதண்டத்தின் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏன் பாய்... எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பெரியவர் காதுக்குப் போவும். அப்புறம் வானம் இருட்டினாலே அவருக்கு உசுரு போய்ட்டு வரும். எழுந்து ஓடவா முடியும் அவரால? நிம்மதியா தூங்கறவருக்கு எதுக்கும்மா இந்த பேஜாரு? மனை எங்க போயிடப் போவுது."

இரண்டு மழைக்காலம். பாலை வாங்கிக் காய்ச்சி, டிவி பார்த்து, தன் வீட்டு மேட்டைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியது அத்தனையும் யார் தயவில் என்று துர்காவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அக்கா, அந்த டீ இருக்கா?"

சாஜிதாவின் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. "இரு, சூடா போட்டுத் தரேன்."

டீ வருவதற்குள் துர்கா கிபாயத்துல்லாவிடம் ஒரு பேனா வாங்கினாள். பத்தொன்பது கையெழுத்தோடு இருந்த மனுவைக் குறுக்கே அடித்தாள். பின்பக்கம் புதிதாக எழுதி, முதல் கையெழுத்தைத் தானே போட்டு அவரிடம் நீட்டினாள்.

'ஐயா, எங்கள் தெருவாசிகள் அனைவரும் சேர்ந்து இரண்டு வருடங்களாக ஆக்கிரமித்து வைத்திருக்கும் திரு. கிபாயத்துல்லாவின் மனையை அவரிடமே ஒப்படைக்க விரும்புகிறோம். அதற்கு எங்கள் தெருவில் உடனடியாக மழைநீர் வடிகால் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.'