முப்பத்திரண்டே போதும்

வெர்னின் துப்பாக்கிக் கடைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் பிற்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. மேட்டில் குறிக்காக இரண்டு காகிதத் தட்டுகள் குத்தப்பட்டிருக்கின்றன. துப்பாக்கி வாங்க வந்த ஆர்லீன், எல்லாரும் வாங்கும் முப்பத்தெட்டு காலிபர் ரிவால்வரால் சுட்ட தட்டில் ஐந்து குண்டுக்கு ஒரே ஓட்டை, அதுவும் விளிம்பில். பனியில் வழுக்கி உடைந்த அவள் மணிக்கட்டு, சுட்டதும் அது பின்னால் உதைக்கும் உதையைத் தாங்கவில்லை. இப்போது அவள் கையில் இருப்பது இந்த ஊரில் யாரும் கேட்காத முப்பத்திரண்டு. குண்டு மெலிது, உதை குறைவு, அதே பருமனுள்ள ரிவால்வரில் ஐந்துக்குப் பதில் ஆறு தோட்டா. “கொசு அடிக்கவா அது?” என்கிறான் வெர்னின் மச்சான் டுவைட், புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கியபடி. ஆர்லீன் தட்டைக் குறி பார்க்கிறாள். போன வாரம் அவள் தனியாக இருக்கும் வீட்டின் பின்கதவுப் பிடியை யாரோ வெளியிலிருந்து திருகிப் பார்த்தார்கள். ஆறு முறை சுடுகிறாள். ஆறு ஓட்டைகளும் தட்டின் நடுவே ஓர் உள்ளங்கைக்குள் அடங்குகின்றன.

“சுடுறதெல்லாம் சரிம்மா, தோட்டாவுக்கு எங்க போவ? இந்த மாவட்டத்துலயே கிடைக்காது,” என்கிறான் வெர்ன்.

“காலிக் கூட்டுல நானே வெடிமருந்தும் குண்டும் போட்டு நிரப்பிக்குவேன்.” சூடு ஆறாத வெற்றுத் தோட்டாக் கூடுகளை உள்ளங்கையில் தட்டி, ஒன்று விடாமல் கோட்டுப் பையில் போடுகிறாள். வெர்ன் தன்னுடைய தடித்த நாற்பத்தைந்தை எடுத்து, காலி செய்து, மேசையில் வைக்கிறான்.

“இதுல ஒன்னு பட்டாப் போதும், ஆளு எழுந்திரிக்க மாட்டான்.”

“பட்டாத்தானே?” அவள் அதை ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளுகிறாள். “கதவு உடையிறப்போ நீயா வந்து சுடப்போற? முப்பத்திரண்டு வாங்குற படிவத்தை எடு வெர்ன், கையெழுத்துப் போடணும்.”